அந்த ஒரு மதிப்பெண்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு படிவம் 2 மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை வைத்தேன். புல், பெரணி, காளான், கடற்பாசி, ரப்பர் மரம் என்று ஐந்து படங்கள். இவற்றுள் தாவரங்களுக்கு வட்டமிட வேண்டும். வகுப்பில் ஒரு மாணவி மட்டும் கடற்பாசிக்கு வட்டமிடவில்லை. நான் சிவப்பு மையால் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவர் விடைத்தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "டீச்சர், படத்துல இருக்கிறது பழுப்புக் கடற்பாசி. அது தாவரம் இல்லைன்னு ஒரு புத்தகத்துல படிச்சேன்" என்றார்.

"அது ஒளிச்சேர்க்கை செய்யுதா, இல்லையா?" என்று கேட்டேன்.

"செய்யுது, டீச்சர்."

"அப்புறம் என்ன?"

அவர் எதுவும் பேசாமல் இடத்துக்குத் திரும்பிவிட்டார். நானும் அடுத்த விடைத்தாளை எடுத்துவிட்டேன்.

அந்த மாணவி சொன்னது சரி, நான் சொன்னதுதான் தவறு. அவருடைய மதிப்பெண்ணை இனி என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால், நான் அன்று கேட்ட "அப்புறம் என்ன?" என்ற கேள்வியைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஓர் உயிர் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்தே அது எந்த வம்சம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தை உடைப்பதற்குப் பழுப்புக் கடற்பாசியின் பசுங்கணிகத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதை நம் வகுப்பறைகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

சுடுநீரில் ஒரு துண்டுப் பாசி

நீங்கள் போர்ட்டிக்சன் போயிருப்பீர்கள். தெலுக் கெமாங் கடற்கரையில் நீர் வற்றும்போது, பாறைத் திட்டுகளில் பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒன்று படர்ந்திருப்பதைப் பார்த்திருக்கலாம். அதன் பெயர் சர்காசம். பார்ப்பதற்குக் காய் காய்த்த செடி போலவே இருக்கும். ஆனால் அந்த உருண்டைகள் காய்கள் அல்ல, பாசியை நீரில் நிமிர்த்தி நிறுத்தும் காற்றுப் பைகள். இலை போலத் தெரிவது உண்மையான இலை அல்ல. அடியில் இருப்பதும் நீரை உறிஞ்சும் வேர் அல்ல, பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு துண்டை எடுத்து வந்து கொதிநீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் அது பச்சையாக மாறிவிடும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போதெல்லாம் மாணவர்கள் கைதட்டுவார்கள். கூடவே ஒரு குரல் நிச்சயம் எழும்: "பார்த்தீங்களா டீச்சர், உள்ள பச்சைதான்! அப்போ தாவரம்தான்!"

இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். பாசிக்குப் பழுப்பு நிறம் தருவது ஃபூகோசாந்தின் என்ற நிறமி. அது புரதங்களோடு இணைந்திருக்கும்போது பழுப்பாகத் தெரிகிறது. சூடு பட்டதும் அந்த இணைப்பு குலைந்து, மறைந்திருந்த பச்சையம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பச்சையமும் புல்லில் உள்ளது போன்றது அல்ல. தாவரங்களில் இருப்பவை பச்சையம் 'ஏ'யும் 'பி'யும். பழுப்புப் பாசியில் இருப்பவை 'ஏ'யும் 'சி'யும். நிறத்தை நம்பினால் இரண்டு முறை ஏமாறுவோம். முதலில் பழுப்பைப் பார்த்து, பிறகு பச்சையைப் பார்த்து.

நம் மொழியும் இதில் கொஞ்சம் குழப்புகிறது. குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி. நோன்புக் காலத்தில் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடும் 'கடல்பாசி' சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. சுஷியைச் சுற்றியிருக்கும் நோரியும் சிவப்புப் பாசிதான். ஜப்பானிய சூப்பில் போடும் கொம்புவும் வக்காமேயும் பழுப்புப் பாசிகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது.

விருந்தாளிக்குள் விருந்தாளி

பிறகு எதை நம்புவது? இங்கேதான் குளோரோபிளாஸ்ட் எனப்படும் பசுங்கணிகம் வருகிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் இந்தச் சின்னஞ்சிறு அறைக்குள், செல்லின் கருவுக்குச் சம்பந்தமில்லாத தனி டிஎன்ஏ இருக்கிறது. காரணம், பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த நுண்ணுயிர். சயனோபாக்டீரியா வகையைச் சேர்ந்த அதை வேறொரு செல் விழுங்கியது. விழுங்கப்பட்டது செரிக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டது. 1905-இல் ரஷ்யரான மெரெஷ்கோவ்ஸ்கி இந்தக் கருத்தை முன்வைத்தார். 1967-இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். இன்று இது பாடநூல் செய்தி.

தாவரங்களின் கதை அத்தோடு முடிகிறது. அவற்றின் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உள்ளன. பழுப்புப் பாசியின் பசுங்கணிகத்தைச் சுற்றியோ வெங்காயத் தோல் போல நான்கு சவ்வுகள். ஏன் நான்கு? பழுப்புப் பாசியின் பரம்பரையில் விழுங்கப்பட்டது வெறும் பாக்டீரியா அல்ல. ஏற்கெனவே பசுங்கணிகத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சிவப்புப் பாசியே விழுங்கப்பட்டது. அதாவது, விருந்தாளியோடு வந்த விருந்தாளி. இது எப்போது, எத்தனை முறை, எந்த வழியாக நடந்தது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் பசுங்கணிகத்தின் மூலம் சிவப்புப் பாசி என்பதில் ஐயம் இல்லை.

அந்த உறுதி எங்கிருந்து வந்தது? ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து.

எழுத்துகளை எண்ணிப் பார்த்தபோது

பசுங்கணிகத்தின் டிஎன்ஏ பெரும்பாலும் ஒரு வளையம் போல இருக்கும். நான்கு வகை வேதியியல் 'எழுத்துகள்' அதில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு பசுங்கணிகத்தின் வளையத்தை முழுதாகப் படித்து முடிக்கும் சாதனை முதன்முதலில் 1986-இல் ஜப்பானில் நிகழ்ந்தது. ஒரு குழு புகையிலைச் செடியையும், இன்னொரு குழு ஈரல் பாசி எனப்படும் மார்காந்தியாவையும் படித்து முடித்தன. 1995-இல் கனடாவில் நோரிக்கு நெருங்கிய உறவான போர்ஃபைரா என்ற சிவப்புப் பாசியின் வளையம் வெளியானது. பழுப்புப் பாசிகளின் முறை 2009-இல்தான் வந்தது. எக்டோகார்ப்பஸ், ஃபியூகஸ் என்ற இரண்டு பாசிகளின் வளையங்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முதலாவதில் 139,954 எழுத்துகள். இரண்டாவதில் 124,986. அதன்பிறகு கொம்பு, வக்காமே, சர்காசம் என்று பட்டியல் நீண்டது.

இந்த எண்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். புகையிலையின் வளையத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 56 ஆயிரம் எழுத்துகள். பழுப்புப் பாசிகளினுடையது அதைவிடச் சிறியது. ஆனால் புரதம் செய்வதற்கான மரபணுக்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது. நிலத்துத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் அத்தகைய மரபணுக்கள் சுமார் 80. பழுப்புப் பாசிகளில் சுமார் 140. போர்ஃபைராவில் சுமார் 200. பழுப்புப் பாசியின் வளையம் நெருக்கமாக எழுதப்பட்ட சிறிய நோட்டுப் புத்தகம். தாவரத்தினுடையது இடம் விட்டு எழுதப்பட்ட பெரிய புத்தகம். நீளமாக இருப்பதாலேயே அதிகச் செய்தி இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒப்பிடும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். எந்த மரபணுக்கள் இருக்கின்றன, எவை இல்லை? அவை எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன? ஒரே மரபணுவுக்குள் எந்தெந்த எழுத்துகள் மாறியிருக்கின்றன? நெருங்கிய உறவுகளிடம் மாலையில் மணிகள் அதே வரிசையில் இருக்கும். உறவு விலக விலகச் சில துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும், சில இடம் மாறியிருக்கும். எழுத்து மாற்றங்களும் கூடும். இப்படித்தான் வம்ச வரலாறு எழுதப்படுகிறது.

நாங்கள் வகுப்பில் செய்தது

இதையெல்லாம் பள்ளியில் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். நாம் டிஎன்ஏவைப் படிக்கத் தேவையில்லை. படித்து முடித்தவை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவகத்தில் இருக்கின்றன. பணம் கட்ட வேண்டாம், பதிவு செய்யவும் வேண்டாம்.

நான் செய்தது இவ்வளவுதான். நோரி வகைப் பாசி, கொம்பு, சர்காசம், புகையிலை ஆகிய நான்கின் பசுங்கணிக மரபணுப் பட்டியல்களை அச்சடித்தேன். மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பட்டியல் கொடுத்தேன். கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்தேன். இந்த மரபணு உங்கள் பட்டியலில் இருந்தால் சரி போடுங்கள், இல்லாவிட்டால் கோடு போடுங்கள் என்றேன்.

முதல் கேள்வி ரூபிஸ்கோவைப் பற்றியது. காற்றிலும் நீரிலும் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் நொதி இது. இதற்குப் பெரிய பகுதி ஒன்று, சிறிய பகுதி ஒன்று. பெரிய பகுதியின் மரபணு நான்கு பட்டியலிலும் இருந்தது. சிறிய பகுதியின் மரபணு நோரியில் இருந்தது, கொம்புவிலும் சர்காசத்திலும் இருந்தது. புகையிலையில் இல்லை. தாவரங்களில் அது பசுங்கணிகத்தை விட்டுச் செல்லின் கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அடுத்த கேள்வி, 'என்டிஎச்' என்று தொடங்கும் 11 மரபணுக்களைப் பற்றியது. அவை புகையிலையில் இருந்தன. மற்ற மூன்றிலும் இல்லை. மூன்றாவது கேள்வி, சிவப்புப் பாசிக்கு நிறம் தரும் ஃபைகோஎரித்ரின் புரதத்தைப் பற்றியது. நோரியில் மட்டும் சரி. பழுப்புப் பாசிகள் அதை இழந்துவிட்டன.

கட்டம் நிரம்பியதும் ஒரு மாணவர் சொன்னார்: "டீச்சர், மூணு ஒரு பக்கம், புகையிலை ஒரு பக்கம்."

நான் உடனே பாராட்டவில்லை. ஒரு பொருள் இரண்டு வீட்டில் இல்லை என்பதற்காக அந்த இரண்டு வீட்டாரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களா என்று கேட்டேன். பழைய பொருளை இருவரும் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டேன். பட்டியல் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்பு சொல்லாது. தீர்ப்புக்கு எழுத்துகளுக்குள் போக வேண்டும். அடுத்த வாரம் ரூபிஸ்கோவின் பெரிய பகுதியின் வரிசையில் ஒரு துண்டை எடுத்து, நான்கு உயிர்களுக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்துக் கொடுத்தேன். ஒத்துப்போகும் இடங்களில் பென்சிலால் வண்ணம் தீட்டினார்கள். கொம்புவும் சர்காசமும் நோரியோடு அதிகம் ஒத்துப்போயின. புகையிலையின் வரிசை தனித்து நின்றது. பழுப்புப் பாசியின் ரூபிஸ்கோ சிவப்புப் பாசி வகை, பச்சைத் தாவர வகை அல்ல. இதை நான் சொல்லித் தரவில்லை. அவர்களே வண்ணம் தீட்டிக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு ஆன செலவு, அச்சுத் தாளும் இரண்டு பாடவேளைகளும்.

விருந்தாளியின் கதை மட்டும் போதாது

அப்படியானால் பழுப்புப் பாசி என்பது ஒரு வகைச் சிவப்புப் பாசியா? அதுவும் இல்லை. பசுங்கணிகம் சொல்வது விருந்தாளியின் கதை. வீட்டுக்காரரின் கதை செல்லின் கருவில் இருக்கிறது. 2010-இல் எக்டோகார்ப்பஸின் கருவில் உள்ள முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதில் 20 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். கரு சொல்லும் சொந்தக்காரர்கள் வேறு. அவர்களுள் ஒருவர் டையாட்டம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பாசி. இன்னொருவர் நம் டுரியான் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். டுரியான் மரத்தின் பட்டையை அழுக வைக்கும் ஃபைட்டோஃப்தோரா. அதற்குப் பசுங்கணிகமே கிடையாது. ஒளிச்சேர்க்கையும் செய்யாது. ஆனால் வீட்டுக்காரர் வழியில் பார்த்தால், கடலில் ஆடும் சர்காசத்துக்கு அது டுரியான் மரத்தைவிட நெருங்கிய உறவு.

"ஒளிச்சேர்க்கை செய்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்ட எனக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. ஒளிச்சேர்க்கை என்பது கைமாறி வரக்கூடிய ஒரு தொழில். தொழிலை வைத்து வம்சத்தைச் சொல்ல முடியாது.

ஏழு எழுத்துகள்

'சரி, இது பரீட்சைக்கு வராத சுவையான செய்தி, இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு அட்லாண்டிக் கடலைக் காட்டுகிறேன். 2011 முதல் கரீபியன் கடற்கரைகளில் மிதக்கும் சர்காசம் மலைபோல் குவிகிறது. 2018 ஜூன் மாதத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு அது பரவியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. எடை 2 கோடி டன்னுக்கும் மேல். அழுகினால் நாற்றம், மீன்பிடித் தொழிலுக்கும் சுற்றுலாவுக்கும் இழப்பு.

கரையை நிறைக்கும் இந்தப் பாசி எது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. சர்காசத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பருவத்துக்கும் அலைக்கும் ஏற்ப ஒரே இனத்தின் தோற்றமே மாறக்கூடியது. 1930-களில் தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயரிடப்பட்ட ஓர் அரிய வடிவம்தான் இப்போது பெருகியிருக்கிறது என்று சந்தேகம் எழுந்தது. 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிதக்கும் சர்காசத்தின் மூன்று வடிவங்களினுடைய இழைமணி டிஎன்ஏவை முழுமையாகவும் பசுங்கணிக டிஎன்ஏவைப் பகுதியாகவும் படித்து ஒப்பிட்டார்கள். இழைமணியின் 34,727 எழுத்துகளில், அந்த அரிய வடிவத்துக்கும் அதன் நெருங்கிய உறவுக்கும் இடையே இருந்த வேறுபாடு வெறும் 7 எழுத்துகள். ஆனால் அந்த ஏழும் தொடர்ந்து மாறாமல் இருந்தன. அதை வைத்து இரண்டையும் பிரித்தறியும் சோதனை உருவானது.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பழுப்புப் பாசிகளில் பசுங்கணிகத்தின் எழுத்துகள் மெதுவாக மாறுகின்றன, இழைமணியின் எழுத்துகள் சற்று வேகமாக மாறுகின்றன. கொள்ளுப்பாட்டன் காலத்து உறவைத் தேடும்போது பசுங்கணிகம் கைகொடுக்கும். அண்ணன் தம்பிகளைப் பிரித்தறிய இழைமணி உதவும். மேலும் பல பழுப்புப் பாசிகளில் பசுங்கணிகம் தாய்வழியாக மட்டுமே வருகிறது. அதனால் இரண்டு இனங்கள் கலந்து பிறந்த பிள்ளையைப் பசுங்கணிகத்தை மட்டும் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. எந்தக் கேள்விக்கு எந்த ஆவணத்தைப் புரட்டுவது என்று தெரிந்திருப்பதுதான் அறிவியல்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

என் சக ஆசிரியர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது எழுந்த முதல் எதிர்ப்பு நியாயமானது. "பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் இது தேவையா?" என்றார்கள். இன்னொருவர், "சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் எளிமையாகச் சொல்லி, பெரிய படிவத்துக்குப் போன பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்றார்.

இரண்டாவது கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எளிமையாகச் சொல்வது வேறு, தவறாகச் சொல்வது வேறு. நம் மாணவர்களில் பலர் படிவம் 4-இல் உயிரியல் எடுப்பதில்லை. அவர்களுக்கு நாம் சொன்னதுதான் கடைசி வார்த்தை. அதைத் திருத்த யாரும் வரமாட்டார்கள். 'தாவரம் போலவே உணவு தயாரிக்கும், ஆனால் தாவரம் அல்ல' என்று சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காளான் தாவரம் அல்ல என்று இன்று எல்லா மாணவர்களும் சொல்கிறார்கள். அதே இடத்தைக் கடற்பாசிக்கும் கொடுக்கலாம்.

நேரமில்லை என்பது உண்மைதான். அதனால் நான் கேட்பது புதிய பாடம் அல்ல, கேள்வி கேட்கும் விதத்தில் ஒரு சிறு மாற்றம். 'வட்டமிடுக' என்பதற்குப் பக்கத்தில் 'காரணம் எழுதுக' என்று ஒரு வரி சேருங்கள். விடை நம்முடைய விடைத்தாளோடு ஒத்துப்போகாவிட்டாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். அன்று என் கேள்வித்தாளில் அந்த வரி இருந்திருந்தால், அந்த மாணவி எழுதிய காரணத்தைப் படிக்கும் கட்டாயம் எனக்கு ஏற்பட்டிருக்கும். எனக்குத் தெரியாததை ஒரு படிவம் 2 மாணவி எனக்குச் சொல்லித் தந்திருப்பார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளியில் சொன்னதற்கு மாறாக எதையாவது படித்துவிட்டு வந்து சொன்னால், "டீச்சர் சொன்னதுதான் சரி" என்று வாயை அடைக்காதீர்கள். எங்கே படித்தாய், என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எங்களிடமும் அனுப்பி வையுங்கள். எங்களில் பெரும்பாலோர் அதற்காகக் கோபப்பட மாட்டோம். கோபப்பட்டாலும் பிறகு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம். நான் அப்படித்தான் பார்த்தேன், கொஞ்சம் தாமதமாக.

இப்போது என் படிவம் 2 சோதனையில் அதே ஐந்து படங்கள் வருகின்றன. கடற்பாசிக்கு வட்டமிடாத மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண். ஏன் வட்டமிடவில்லை என்று எழுதினால் இன்னும் ஒன்று.